மாதுளைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

பாடம் நடத்திவிட்டு அதைத் தானே முதலில் மீறிய முட்டாள் யார் என்று கேட்டால், நான் இரண்டு கையையும் தூக்குவேன்.

புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அலுத்துப்போய், சனிக்கிழமைகளில் கடக்வாஸ்லா பக்கம் ஒரு பள்ளியில் பழமரம் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தேன். "மாதுளையைக் கொஞ்ச நாள் காயப்போடுங்கள். இலை உதிரும், பயப்படாதீர்கள். அப்புறம் தண்ணீர் விட்டால் மரம் முழுக்கப் பூக்கும்" என்று பத்தாம் வகுப்பில் முழங்கினேன். பள்ளியை விட்டுப் போவதற்குள் பூவைப் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பள்ளித் தோட்டத்து மாதுளைகளுக்கான குழாயை யாரும் திறக்காதபடி கயிற்றால் கட்டியே வைத்தார்கள்.

சில வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின; காயவேண்டிய நாள் இன்னும் பாதி இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிள்ளைகள் டப்பா திறந்து சாப்பிடும் நேரம் பார்த்து, கயிற்றை அவிழ்த்து எல்லா மரத்துக்கும் பாய்ச்சிவிட்டேன்.

பூ வரவில்லை. தளதளவென்று இலைதான் வந்தது.

"சார், பானி யாரு விட்டா?" என்றாள் கவிதா. அந்த வகுப்பில் தமிழ் பேசும் ஒரே பெண்.

"நான்தாம்மா. வாடுறதைப் பாத்து மனசு கேக்கல."

"எக்ஸாம் முடிஞ்சா நாங்க போயிடுவோம். இனி பூ எப்போ பாக்கறது?"

இரக்கம் என்று நான் நினைத்ததெல்லாம் என் கை அரிப்புதான். அப்போதும் அது அடங்கவில்லை.

"சரி, இப்போ நான் என்ன செய்யட்டும்?"

"சும்மா உக்காருங்க, சார்."