படத்தில் வந்த தகப்பன்

அந்தப் படத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெங்காயம் விற்று முடிந்த கிழமை. மனைவியும் மகளும் ஆசைப்பட்டார்கள். யாழ்ப்பாணம் போய்ப் பகல் காட்சி பார்த்தோம்.

படத்தில் ஒரு தகப்பன். மகளுக்குப் பெரிய வருத்தம். மருந்துக்கு வழியில்லை. வேலை செய்த கடையையே உடைத்துக் களவெடுக்கிறான். மகள் பிழைக்கிறாள். அவனைப் பொலிஸ் கொண்டுபோகிறது. விலங்கோடு மகளைப் பார்த்துச் சிரிக்கிறான். கொட்டகை முழுக்க அழுதது. என் மகள் தேம்பினாள்.

பஸ்ஸில் கேட்டாள்.

"ஐயா, எனக்கெண்டால் நீங்கள் களவெடுப்பியளோ?"

"களவெடுக்கக் கூடாது."

அவள் யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஓமெண்டு சொன்னால் வாய் நொந்துபோமோ?" என்றாள் மனைவி.

அதன்பிறகு தோட்டத்திலும் அவன் கதைதான். கிணற்றில் நான் துலா மிதிப்பேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணை ஓலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் இறைப்பார். மகள் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே அந்தத் தகப்பனைப் பற்றிச் சொல்லுவாள். வரம்பு உடைந்து ஓடும்.

"உன்ரை மோளுக்கு இப்ப வேறை தேப்பனாம்," என்று அண்ணை சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. திரைத்துணியில் ஆடுகிற ஒருவனோடு எனக்குப் பொறாமை. சொன்னால் வெட்கம். ஆனாலும் இருந்தது.

அடுத்த போகத்தில் அவளுக்குக் காய்ச்சல். விடியவே உடம்பு நெருப்பு. அன்று கிணற்றில் எங்கள் இறைப்பு முறை. பல பேருக்குப் பங்கான கிணறு. முறை தவறினால் திரும்ப வரும்வரை வெங்காயம் நிற்காது. அண்ணையிடம் மாற்றிக் கேட்டேன்.

"நாளையான் என்ரை முறையைத் தந்தால் என்ரை புகையிலை பட்டுப்போமடா தம்பி."

அவர் சொன்னதும் நியாயம். வெங்காயத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைக் காரில் போட்டு யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். அவளோடு அங்கேயே கிடந்தேன். வெங்காயம் பட்டுப்போனது. அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டதும் பக்கத்துக் கட்டில் மனுசிக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். அவன் கதை. நான் காலடியில் இருந்தேன்.

"உவரோ பிள்ளை, உம்மடை ஐயா?" என்று மனுசி கேட்டா.

"ஓம்," என்றாள். உடனே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவன் கடைப்பூட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

எழும்பி வெளியே போனேன். கொட்டகை கிட்டத்தான். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் தட்டியில் அவனைப் பெரிதாகக் கீறி வைத்திருந்தார்கள். கையில் விலங்கு. சட்டை கசங்கவில்லை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தோடம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, அந்தப் படம் இன்னும் ஓடுதோ?"

"எடுத்துப்போட்டாங்கள்," என்றேன்.