ஈஸ்வரி கேட்ட கேள்வி

பரளச்சியில் எனக்கு அரிசிக்கடை. அந்தப் படபடப்பு முதலில் வந்தது அருப்புக்கோட்டை பஸ்ஸில். மூச்சு முட்டியது, கை மரத்தது, வேர்த்துக் கொட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. பிறகு பஸ்ஸிலும் கூட்டத்திலும் அடிக்கடி வந்தது. "கேஸுதான்" என்றார்கள். எங்கள் ஊரில் நெஞ்சுக்குள் எது வந்தாலும் கேஸுதான்! இரண்டு வருடம் ஓமத்தண்ணீரும் சோடாவுமாகக் குடித்துத் தீர்த்தேன். மூன்று முறை ஈசிஜி எடுத்தும் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் பஸ் ஏறுவதையே விட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனாலும் வாசலோரம்தான்.

அப்போதுதான் மகள் ஜன்னத்துக்கு அருப்புக்கோட்டை மண்டபத்தில் நிக்காஹ் முடிவானது. சபை நடுவே உட்கார்ந்து, அவளைக் கொடுப்பதாக நான் வாய்திறந்து சொல்ல வேண்டும். "முடியலைன்னா ஒங்க தம்பி சொல்லட்டும்" என்றார்கள் வீட்டில். பெற்றவன் நான் இருக்கும்போதா? குமுறிப்போனேன்.

வீடுவீடாகப் பிரஷர் பார்க்க வரும் ஈஸ்வரி என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஹபீப் அண்ணே, மூட்டை தூக்குறப்ப இது வருதா?"

"இல்லையே."

"பஸ்ஸுல, கூட்டத்துல மட்டுந்தான்? மறுபடி வந்துருமோன்னு பயந்தே போகாம இருக்கீக?"

"ஆமா."

"அப்ப இது கேஸு இல்லண்ணே. திடீர்னு பயம் பொங்குற நோயி மாதிரி இருக்கு. மனநல டாக்டரப் பாருங்க."

"என்னயப் பைத்தியம்ங்கிறியா? எந்திரி, போ!"

அவள் அசையவில்லை. "மதினிக்கும் என்னமோ இருக்கு, அது வேற ரகம். ஆறேழு மாசமா எதுக்கெடுத்தாலும் கவலை. தூக்கமில்ல, கழுத்து வலி. ரெண்டு பேரும் சேந்தே போங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி சர்புன்னிசா. இவள் எப்போது சொன்னாள்!

நிக்காஹை நினைத்துத்தான் போனோம். ஈஸ்வரி சொன்னது சரிதான் என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூட்டிக்கொண்டே பஸ் பழகச் சொன்னார். முதல் நாள் ஈஸ்வரியும் கூட ஏறி, நடு சீட்டில் என்னை உட்காரவைத்தாள். "வந்தா வரட்டும்ணே. அதுவாப் போயிரும். நீங்க இறங்கி ஓடாதீக."

நிக்காஹ் சபையில் அது வந்தே விட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, நாக்கு வறண்டது. எழாமல் உட்கார்ந்திருந்தேன். மைக்கை நீட்டினார்கள். "என் மகள் ஜன்னத்தை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்." குரல் நடுங்கியது. ஆனாலும் முழுதாகச் சொல்லிவிட்டேன்.

பெண்கள் பக்கம் போனதும் ஜன்னத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தா, மைக்குல ஒங்க குரலு வார வரைக்கும் எனக்கு உசுரே இல்ல."

அன்றிலிருந்து தொழுகை முடிந்து நான் கேட்கும் துஆவில் ஈஸ்வரியின் பெயரும் உண்டு.