நாலாவது குவியல்

அவன் போன் செய்தால் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். “டேய், சும்மாதான இருக்க?” முப்பது வருஷமாக நானும் “ஆமாண்டா” என்றே சொல்லி வந்திருக்கிறேன், சும்மா இல்லாத நாட்களிலும்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். நான் தபால் ஆபீசில் சேர்ந்தேன். அவன் ஆரோவில்லில் ஒரு மரப் பட்டறையில் மேற்பார்வை வேலைக்குப் போனான். அங்கே அவனுக்கு ஐந்தாறு புது நண்பர்கள் கிடைத்தார்கள். லீவு நாளில் அவனுடைய வேனில் எல்லோரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலோ மாமியார் வீட்டில் விசேஷம் என்றாலோ என் போன் அடிக்கும். “ஒரு சீட்டு காலியா இருக்குது, வர்றியா?” ஒருமுறை நான் நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகு, “அவனே வந்துட்டான்டா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்றான். அன்று சாயங்காலம் வரை அந்தச் சட்டையைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி எதையும் ஒளித்துப் பேசமாட்டாள். “ஆளு கெடைக்கலன்னாதான் அவருக்கு உங்க நம்பரு ஞாபகம் வரும். நீங்க இன்னா, ஸ்டெப்னி டயரா?” என்றாள். பக்கத்தில் இருந்த மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மகள் இந்த வருஷம் பிளஸ் ஒன். கணக்கு வரவில்லை என்று இடையஞ்சாவடியில் ஒருவரிடம் சனிக்கிழமை டியூஷனுக்கு அனுப்பினேன். காலையில் பஸ்ஸில் போய்விடுவாள். திரும்பி வருவதுதான் கவலையாக இருந்தது. இதை அவனிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, “அதுக்கு இன்னாத்துக்குடா பஸ்ஸு? உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி. நான் வர்ற வழிதான. வீட்டு வாசல்ல எறக்கி வுட்டுடறேன்” என்றான். நான் கேட்காமல் அவனாகவே எனக்கென்று ஒன்றைச் செய்ய முன்வந்தது அதுதான் முதல் தடவை. மனைவியிடம் ஏதோ வழக்கில் ஜெயித்தவனைப்போலப் போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “பாப்போம்” என்றாள்.

நான்கு சனிக்கிழமை ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவது சனிக்கிழமை மழை.

எங்கள் வீட்டுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் உப்பளம். ஊரைச் சுற்றி வந்தால் மூன்று கிலோமீட்டர். வரப்பில் வந்தால் கால் மணி நேரம். அந்த வரப்பு ஓரத்தில் வரிசையாக மேடுகள் உண்டு. வாரிய உப்பை அவற்றின் மேல் குவித்து, மழைக்கு முன்னால் பனை ஓலை போட்டு மூடிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தி, வரப்பு எல்லாம் முழுகி ஒரே வெள்ளக்காடாகக் கிடக்கும்போது அந்தக் குவியல்கள் மட்டும்தான் வெளியே தெரியும். அவற்றை எண்ணித்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீரில் நடப்பார்கள். ரோட்டிலிருந்து வந்தால் நாலாவது குவியலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். மகளுக்கு ஏழு வயதில் இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். “கண்ண மூடிக்கினு வந்தாகூட நாலு எண்ணிட்டுத் திரும்பு, வீடு வந்துடும்” என்பேன்.

ஐந்தாவது குவியலில் திரும்பினால் வீடு வராது. கழுவெளி ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரம் புதன்கிழமை, ஆபீஸ் விட்டு வரும்போது வரப்புப் பக்கம் லாரி நிற்பதைப் பார்த்தேன். இரண்டாவது குவியலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓலைகளை மட்டும் ஓரமாகப் போட்டிருந்தார்கள். மழையில் லாரி சேற்றில் மாட்டிக்கொள்ளுமே என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வழக்கமாக வேன் வந்துவிடும். ஐந்தரை ஆயிற்று. மழைக்கு மெதுவாக ஓட்டுகிறான் என்று மனைவியிடம் சொன்னேன். மகளின் போன் அணைந்திருந்தது. சார்ஜ் போயிருக்கும் என்றேன். அவன் கூட இருக்கிறான் என்ற தைரியத்தில் டீ குடித்தேன். அந்த டம்ளரைக் கழுவி வைத்ததுகூட நினைவிருக்கிறது. ஆறு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன்.

“இன்னாடா?”

“எங்கடா வர்றீங்க?”

“யாரு?” என்றான். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். “ஓ, பாப்பாவா? அப்பவே எறக்கி வுட்டுட்டனேடா, ரோட்டு மொனையில. இவனுங்க அவசரப்படுத்தினானுங்க. உள்ள வந்து திரும்புனா லேட்டாயிடும்னு... அப்பா வருவாரும்மா, போன் பண்றேன்னு சொன்னேன். நான் உனக்குப் பண்ணல?”

பண்ணினானா இல்லையா என்பதை அவன் என்னிடமே கேட்டான்.

செருப்புப் போடாமல் ஓடினேன். வரப்பில் முழங்கால் வரை தண்ணீர். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். கத்திக் கூப்பிட்டேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நாலாவது குவியல் வரை வந்து ரோட்டுப் பக்கம் பார்த்தேன். யாருமில்லை. அங்கிருந்து எண்ணினேன். மூன்று, ஒன்று. நடுவில் வெறும் தண்ணீர். அப்போதுதான் புதன்கிழமை லாரி நினைவுக்கு வந்தது.

திரும்பி ஐந்தாவது குவியலை நோக்கிப் போனேன். வாய்க்காலின் மதகுக் கட்டையில் ஏதோ நீலமாக மாட்டிக்கொண்டு ஆடியது. மகளின் டியூஷன் பை.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

“அப்பா.”

குவியலின் மறுபக்கத்திலிருந்து வந்தது. ஓலைக்கு அடியில், உப்பின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. காலெல்லாம் சிராய்ப்பு, அதில் உப்பு. அழவில்லை.

“ஒரு குவியல காணோம்பா” என்றாள். “நான் கரெக்டாதான் எண்ணினேன்.”

தூக்கிக்கொண்டேன். பதினாறு வயதுப் பெண், கனம் தெரியவில்லை. வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ரோட்டு முனையில் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். யாரும் வரவில்லை என்று வரப்பில் இறங்கியிருக்கிறாள். நாலு எண்ணி இடது பக்கம் திரும்பி மூன்று அடி வைத்ததும் காலுக்குக் கீழே தரை இல்லை. தண்ணீர் இழுத்திருக்கிறது. பையின் வார் மதகுக் கட்டையில் சிக்கியதால், அதைப் பிடித்து ஏறியிருக்கிறாள்.

பிறகு கேட்டாள். “அங்கிள் உனக்கு போன் பண்ணலையாப்பா?”

“இல்லம்மா.”

“பண்ணுவாருன்னு நம்பிக்கினு நின்னேன்” என்றாள்.

அவளை அங்கே நிற்க வைத்தவன் நான். அவன் என்னை எங்கே வைத்திருந்தான் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் என் குழந்தையை உட்கார வைத்தேன்.

மறுநாள் அவன் வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. “டேய், சும்மாதான இருக்க? ஒருத்தன் வரல. ஆமா, பாப்பா நல்லாருக்குதா?”

மகள் எதிரில்தான் இருந்தாள், கணுக்காலில் கட்டோடு.

“நான் வரலடா” என்றேன். “இனிமே என்னக் கூப்பிடாத.”

ஏன் என்று கேட்பான் எனக் காத்திருந்தேன். “சரிடா” என்றான். போனை வைப்பதற்குள்ளேயே, அடுத்து யாரைக் கூப்பிடலாம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்கும் குரல் வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் மகள் பஸ்ஸில் வருகிறாள். பஸ் ஐந்தரைக்கு. நான் நாலரைக்கே ரோட்டு முனைக்குப் போய்விடுகிறேன். ஆபீசில் சொல்லிவிட்டேன், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மழை இன்னும் முடியவில்லை. போன வாரம் மூன்றாவது குவியலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கிய மகளோடு குடைக்குள் நின்றபோது அவனுடைய வேன் வந்தது. நிறைய ஆட்கள். வேகத்தைக் குறைக்காமல் ஹாரன் அடித்து, கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டிவிட்டுப் போனான்.

என் கை பாதி வரை உயர்ந்துவிட்டது. மகள் அதைப் பார்த்தாள். குடையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, ஊரைச் சுற்றிப் போகும் ரோட்டில் எனக்கு முன்னால் நடந்தாள்.