தள்ளி நில்லு மேடம்

கம்பி சுற்றும் வின்ச் ஓடத் தொடங்குவதற்கு முன் அவர் குனிந்து தளத்தில் கோடு போடுவார். மஞ்சள் சாக்பீஸ். வின்ச்சிலிருந்து கப்பலின் பின்விளிம்பு வரை கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கடல்நீர் தெறித்து அழித்தால் மறுபடி குனிவார். கோட்டுக்குள் கால் வைக்கிறவர்கள் அன்று முழுக்கச் சேற்று வாளி கழுவ வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

ஆய்வுக் கப்பலில் அவர் பயிற்சியாளர். கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராக ஏறுவார்கள். கடலின் ஆழத்தை ஒலியால் அளப்பது, எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு, எவ்வளவு வெப்பம் என்று குறிப்பது, இரும்புத் தாடை ஒன்றை எஃகுக் கம்பியில் இறக்கி அடிச்சேற்றைக் கவ்வி எடுப்பது எல்லாவற்றையும் அவரிடம்தான் பழகுவார்கள். வயது நாற்பத்தொன்பது. குள்ளம். தலைக்கவசத்தின் வாரை இறுக்கி இறுக்கி மோவாய்க்கு அடியில் ஒரு கோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது.

"தள்ளி நில்லு" என்பது அவர் வாயில் மூச்சு மாதிரி வரும். அதையே பெயராக வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு குழுவும் அந்தப் பெயரைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும்.

"மேடம், உப்பு எடுக்கலாமா, இல்ல தள்ளி நிக்கணுமா?" என்று சாப்பாட்டு மேசையில் யாராவது சீண்டுவார்கள்.

"எடு. மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு எடு" என்பார். சிரிக்க மாட்டார்.

அவருடைய பயம் வேஷமல்ல. தேநீர்க் குவளையை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளித்தான் வைப்பார். படுக்கும்போது காலணிகளின் முனை கதவைப் பார்த்திருக்கும். கரைக்கு வந்தாலும் அது விடாது. கணவர் ஏணியில் ஏறினால் இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூடத்துக்கு விரட்டுவார். "பல்பு மாத்தறேன்டி, பாறாங்கல்லா தூக்கறேன்?" என்று மேலேயிருந்து கணவர் கத்துவார்.

மாணவர்கள் ஏறிய முதல் நாளே கம்பியைத் தொட்டுக் காட்டிச் சொல்வார்: "இது அறுந்தா சாட்டை மாதிரி வீசும். கால் இருந்தா கால், கழுத்து இருந்தா கழுத்து. ஆனா அதுக்கு முன்னாடி பேசும். உள்ள இருக்கிற இழை ஒவ்வொண்ணா விடும்போது டிக், டிக்னு சின்னதா கேக்கும். கேட்டா ஏன் எதுக்குன்னு நிக்காதே. தள்ளி நில்லு."

அந்த 'டிக்' அவர் காதில் விழாமல் போய் இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

இயந்திர இரைச்சலில் கழிந்த காலம் மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் தின்றது. கைபேசி மணி போயிற்று. பிறகு சுவர்க் கடிகாரம். "ஊர்ல உள்ளவன் பேச்செல்லாம் கேக்கும், என் பேச்சு மட்டும் காதுல ஏறாது" என்று கணவர் வழக்கமான குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரிடமும் இவர் வாயைத் திறக்கவில்லை. மற்ற பயங்களையெல்லாம் வெளியே காட்டியவர், இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் வளர்த்தார். தெரிந்தால் கப்பலிலிருந்து இறக்கி, ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை துறைமுக மருத்துவ அறையில் காதுச் சோதனை நடக்கும். காதில் மாட்டிய கருவியில் ஒலி கேட்டால் கை தூக்க வேண்டும். எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவில் பின்னால் இருக்கும் நர்ஸின் முழங்கை தெரியும். ஒலி எழுப்பும் பொத்தானை அவள் அழுத்தும்போது முழங்கை லேசாக அசையும். இவர் கை தூக்குவார். "பாம்புக் காது அக்கா உங்களுக்கு" என்று நர்ஸ் முத்திரை குத்திக் கொடுப்பாள். காது போனால் என்ன, கண் இருக்கிறது, கோடு இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இவர் கப்பலேறுவார்.

சென்ற மாதப் பயணத்தில், இரும்புத் தாடை அடியில் இறங்கிக் கவ்வியதும் கம்பி விறைத்தது. சேறு பிடித்திருக்கிறது, மெல்ல இழுத்தால் விட்டுவிடும் என்று நினைத்தார். வழக்கமாக நடப்பது அதுதான். வின்ச் ஓட்டும் அண்ணன் காதடைப்பான் போட்டிருந்தார். அவருக்குத் தெரிவதெல்லாம் மேடத்தின் கைதான்: விரல் சுற்றினால் இழுக்க வேண்டும், முஷ்டி மூடினால் நிறுத்த வேண்டும். மேடம் விரலைச் சுற்றினார்.

கோட்டுக்கு வெளியே மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். நெட்டை என்று மற்றவர்கள் கூப்பிடும் பையன் கம்பியைப் பார்த்தான், பிறகு மேடத்தைப் பார்த்தான். மேடம் நிதானமாக விரலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவன் சேற்று வாளியைத் தயாராக நகர்த்தி வைக்க ஒரு காலைக் கோட்டுக்குள் வைத்தான்.

அவனுக்குப் பக்கத்தில், கடல் ஒவ்வாமல் ஏறிய நாள் முதல் பிளாஸ்டிக் பையும் கையுமாக இருந்த பெண். அவள் கண் சிமிட்டினாள். யாரோ அடிக்கக் கை ஓங்கியது போல மறுபடி சிமிட்டினாள். எதிரே ஒன்றுமில்லை. மூன்றாவது முறை அவள் தோளும் சேர்ந்து துள்ளியபோது அவளுக்கு ஏதோ கேட்கிறது என்று மேடத்துக்குப் புரிந்தது.

முஷ்டியை மூடினார். "தள்ளி நில்லு!" என்று அலறி, நெட்டையின் மிதவைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். கம்பி அறுந்து தளத்தை ஒரு அடி அடித்துவிட்டுக் கடலுக்குள் போயிற்று. வாளி இரண்டாகக் கிடந்தது.

வின்ச் அண்ணன் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன மேடம், இவ்வளவு நேரமா சுத்தச் சொல்லிட்டு இருந்தீங்க?"

நெட்டை எழுந்து உட்கார்ந்தான். "அது அப்பவே டிக் டிக்னு சொல்லிச்சு மேடம். எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

"கேட்டுட்டு ஏன்டா நின்னே?"

"நீங்க பயப்படலையே" என்றான். "நீங்களே சும்மா இருக்கீங்கன்னா ஒண்ணும் இல்லன்னு நெனச்சோம்."

மேடம் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குனிந்தார். அழியாத கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டார். அது கோணலாகப் போயிற்று.

அடுத்த வாரம் காதுச் சோதனை. "வாங்க அக்கா, உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலைதான்" என்று நர்ஸ் கருவியை மாட்டிவிட்டுப் பின்னால் போனாள். அலமாரிக் கண்ணாடி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. முழங்கை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

மேடம் கருவியைக் கழற்றினார். எழுந்தார். நாற்காலியைக் கரகரவென்று இழுத்து வெறும் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

"என்ன அக்கா, காத்து வரலையா அங்க?"

"இப்படியே இருக்கட்டும். நீ ஆரம்பி."

கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்துக் காத்திருந்தார்.