நல்ல கேள்வி என்றேன்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் பெண்கள் அமைப்பில் சேர்ந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் இவள் வாய் சும்மா இருக்காது என்று என் கணவரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் ஒரு வாடகைக் கூடத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடுவோம். தரையில் வட்டமாக உட்கார வேண்டும். முட்டி வலிக்காரிகளுக்கு மட்டும் நாற்காலி. படிப்பு, சாதி, வயது பார்க்காமல் எல்லாரும் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். டீ போடுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அன்றைக்கு ஆண்களின் வேலை. இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு: வட்டத்தில் பேசியது வட்டத்தோடு. அதைச் சார்ட்டில் அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியது நான்தான்.

பூம்பாறையிலிருந்து ஒரு பெண் வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்னதாக ஒரு பூண்டுக் காடு, அது போகக் கூலி வேலை. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். எவ்வளவு சொன்னாலும் என்னை அக்கா என்று கூப்பிட மாட்டார். டீச்சர்தான். நான்கைந்து மாதம் வந்து வாயே திறக்காமல் டீ குடித்துவிட்டுப் போனார். ஒரு மழை நாளில், பத்துப் பேர்கூட வராத கூட்டத்தில், பேசினார்.

"அவரு குடிச்சிட்டு வர்ற அன்னைக்கு அடிப்பாருங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் ஏணியில ஏறிப் பரணுக்குப் போயிருவேன். ஏணியையும் மேல இழுத்துக்கிருவேன். பூண்டுக் கட்டுக்குப் பின்னாடி சத்தமில்லாம படுத்துக் கெடப்பேன். அவரு கத்திப் பாத்துட்டுத் தூங்கிருவாரு. வெள்ளனே எறங்கி அடுப்பப் பத்த வச்சிருவேன். பக்கத்து வீட்ல எங்கயோ போயி ஒளியிறேன்னுதான் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காரு."

போலீசுக்குப் போகலாம் என்றோம். "மக கல்யாணம் முடியட்டும், பெறகு பாப்போம்" என்றார். எங்களைத் தேற்றுவது போலச் சிரித்தார். "எங்கம்மா இருந்த தோட்டத்து லயத்துல குடும்பத்துக்கு ஒரே காம்பரா, ஒத்த ரூமுதான். அதுக்கு ஒளியக்கூட எடமில்ல. எனக்காச்சும் பரண் இருக்குல்ல டீச்சர்?"

அப்போது நான் மகளிர் தினத்துக்கு ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய வரைக்கும் படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. இவர் பேசிய மறுநாள் மதியத்துக்குள் நாடகம் முடிந்துவிட்டது. ஊரை மாற்றினேன். பூண்டை உருளைக்கிழங்கு ஆக்கினேன். கணவனை லாரி டிரைவர் ஆக்கினேன். ஏணியை மட்டும் மாற்றவில்லை, மனம் வரவில்லை. நாடகத்திலேயே நன்றாக இருந்தது அதுதான். மற்றதையெல்லாம் மாற்றியவளுக்கு ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர்தான் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொடைக்கானலில் போட்டபோது நல்ல பேர். "அந்த லேடர் சீன் செம டச்சிங் மேம்" என்று ஒரு ஸ்கூல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து கிராமங்களுக்குக் கொண்டுபோகலாம் என்று கூட்டத்தில் முடிவானது. பட்டியலில் பூம்பாறையும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கதை எங்கிருந்து வந்தது என்பது வெளியே வரும். அதற்குப் பதிலாக அவருக்கு முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்தேன். தன் கஷ்டத்தை நாலு பேர் கைதட்டிப் பார்த்தால் அவருக்கும் பெருமையாக இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன். எனக்கு இருந்த மேடை ஆசை எல்லாருக்கும் இருக்கும் என்று நினைப்பு.

எங்கள் நாடகம் பாதியில் நிற்கும். நடிக்கும் பெண் மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொண்டதும் அப்படியே சிலையாகிவிடுவாள். நான் மைக்கோடு வந்து, "இந்த அக்கா அடுத்து என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க" என்று கூட்டத்தைக் கேட்பேன். யார் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது, பாராட்டிச் சார்ட்டில் எழுத வேண்டும் என்பது பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கும் கேட்டேன். பின்னால் நின்ற ஆண்களில் கம்பளிக் குல்லா போட்ட ஒருவர் கையைத் தூக்கினார்.

"அந்த ஏணிய எடுத்துட்டா, அந்தப் பொம்பள என்னங்க செய்யும்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி! அண்ணனுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். கேள்வியைச் சார்ட்டில் பெரிதாக எழுதினேன். திரும்பியபோது முதல் வரிசையில் அவர் மட்டும் கைதட்டாமல், சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அவரோடு பஸ்ஸில் வழக்கமாக வரும் பெண் மட்டும் வந்தாள். டீ வாங்கும் இடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "அன்னைக்கு ஏணிய எடுத்துட்டான்னு கேட்டாருல்ல, அது அவ வீட்டுக்காரருதாங்கக்கா. வீட்டுக்குப் போனதுமே ஏணிய வெட்டி அடுப்புல வச்சிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுக் குடிச்சிட்டு வந்து... இப்ப அவ கையில கட்டோட கெடக்கா."

டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த ஆளுக்குக் கைதட்டச் சொன்னவள் நான். வட்டம் தொடங்கியதும், பூம்பாறை அக்கா ஏன் வரவில்லை என்று யாரோ கேட்டார்கள். "காட்டுல சோலி அதிகம்போல" என்று சொன்னேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இவ்வளவு நடந்தும் மறுபடி இதை எழுத உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்பீர்கள். இப்போது அவர் மலையை விட்டு இறங்கி மகளோடு இருக்கிறார். எழுதட்டுமா என்று இந்த முறை போனில் கேட்டேன். "ஊரையும் வேலையையும் மாத்திக்கிருங்க. ஏணிய மாத்தி இனி என்ன ஆகப்போகுது" என்றார். மாற்றியிருக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொன்ன அந்த வாரம், அவர் இன்னும் மலையிலேயே இருந்தபோது, ஒருமுறை நேரில் பார்க்கப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களை மனதுக்குள் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டே போனேன், அதுவும் ஒரு நாடக வசனம் மாதிரி. அவர் காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்திருந்தது, ஆனால் இடது கையை மடியோடு வைத்துக்கொண்டு ஒரு கையால்தான் வேலை செய்தார். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

"அழாதீங்க டீச்சர், ஆளுங்க பாக்குறாங்க" என்றார். கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் கூடத்திலேயே ஒரு அறை ஒதுக்கித் தருகிறோம், வக்கீல் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணுங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது, வெரசா போங்க என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அவரு குடிச்சிட்டு வந்தா, இப்ப எங்க போயி இருக்கீங்கம்மா?"

பூண்டில் ஒட்டியிருந்த மண்ணை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அத ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன் டீச்சர்."