பூசையில் வைத்த கிட்டார்

ஆயுத பூசை எங்கள் வீட்டில் அப்பாவின் ஆட்டோவுக்குத்தான். விடிந்ததும் ஷாம்பு பாக்கெட்டைப் பிய்த்து ஊற்றித் தேய்ப்பார். எனக்கே வாரத்துக்கு ஒரு பாக்கெட்தான். ஆட்டோவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பிள்ளை இந்தத் திருவண்ணாமலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் பூசைக்கு இன்னொன்றும் சேர்ந்தது. தாத்தாவின் கிட்டார். கல்யாணக் கச்சேரிகளில் அவர் வாசித்தது. அவர் போன பிறகு பரணில் கிடந்து, கம்பி மாட்டும் கட்டை பெயர்ந்து, முதுகுப் பலகை வாயைப் பிளந்திருந்தது. அதை இறக்கியவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. சென்னையில் வேலை போய் ஊருக்கு வந்தவர், ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழமாட்டார். அம்மா கோயில் விபூதியைப் பூசிப் பூசிச் சலித்துப்போனாள்.

அப்படிப்பட்டவர் கிட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்ததும் வீட்டுக்கே உயிர் வந்தது. தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசையை வாங்கி வந்து அடுப்பில் உருக்கினார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பக்கத்தில் சமைத்தாள். ஒட்டிய பலகை நகராமல் இறுக்கிக் கட்ட அப்பா பழைய டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் அதே வேலை. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு காபிக் கடையில், பூசை முடிந்ததும் தினம் சாயங்காலம் வந்து வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா ஷேவ் பண்ணிக்கொண்டார். "மொதப் பாட்டு உனக்குத்தான்" என்றார் என்னிடம்.

பூசையன்று விடியற்காலையில் புதுக் கம்பி வாங்க வேலூருக்கு பஸ் ஏறினார். நான் சும்மா இருக்காமல் அப்பாவிடம், ஆட்டோவை எதற்குக் கழுவுகிறாய் என்று கேட்டேன்.

"எது நமக்கு சோறு போடுதோ, அத கழுவி, பொட்டு வெச்சு, சாமிக்கிட்ட வெக்கணும்."

சித்தப்பாவுக்கு இனி சோறு போடப்போவது எது என்று எனக்குத் தெரியாதா? கிட்டாரைக் குழாயடிக்குத் தூக்கிப் போனேன். மிச்ச ஷாம்பு அத்தனையும் அதற்குத்தான். மேலுக்குக் கழுவினால் போதாது என்று நடு ஓட்டை வழியாகவும் இரண்டு சொம்பு ஊற்றிக் குலுக்கினேன். அழுக்குத் தண்ணீர் வர வர எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் என் புத்தகங்களோடு படுக்கவைத்தேன். அம்மா கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பத்து மணிக்கெல்லாம் படைத்துவிட்டோம்.

சித்தப்பா மத்தியானம் வந்தார். கிட்டாரைத் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"அண்ணி, இத இப்பவே எடுத்துக் காயவெக்கணும்."

"பூசையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுப்பா. நாளைக்கு எடுத்துக்கலாம்."

அப்பாவும் அதையே சொன்னார். சித்தப்பா இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒரு சத்தம் போட்டிருக்கலாம் அந்த மனுஷன். இருட்டும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கொழுந்தனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்.

மறுநாள் காலை தூக்கியபோது முதுகுப் பலகை தரையிலேயே தங்கிவிட்டது. உள்ளே ஊறிய தண்ணீரில் பசை இளகி, முன்பலகை உப்பி, கட்டை தனியாகக் கையோடு வந்தது. அடி நிச்சயம் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். சித்தப்பா கூப்பிட்டார்.

"நல்லா கழுவியிருக்க கண்ணு."

நானும் நம்பினேன். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொல்லி அலட்டிக்கொண்டேன்.

சித்தப்பா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காபிக் கடையிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. புதுக் கம்பிகள் பிரிக்காமல் சட்டைப் பையிலேயே கிடந்தன. நான் தினமும் ஸ்கூல் விட்டு வந்து, அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் பாட்டு எங்கே என்று நச்சரிப்பேன். ஒரு தடவை ஒட்டத் தெரிந்தவருக்கு இன்னொரு தடவை ஒட்ட என்ன கேடு என்று எனக்குக் கோபம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "சோம்பேறி சித்தப்பா" என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையை அவரிடம் எப்போதோ சொல்லி முடித்திருந்தார்கள். அந்த வீட்டில் அதைச் சொல்லாத ஒரே ஆளாக நான் இருந்திருக்கிறேன் என்பது அன்று எனக்குத் தெரியாது.