கடைசி டிஸ்க்கில் நின்றவள்

சிடி வாடகைக்கு விட்டவர்களுக்குத் தெரியும்: மற்ற படங்களைத் திருப்பிக் கேட்டு நடையாய் நடக்க வேண்டும், பேய்ப் படம் மட்டும் தானாகவே சீக்கிரம் வந்துவிடும்.

கரண்ட் போன வியாழக்கிழமை

வியாழக்கிழமைதோறும் டிவியில் வந்த அந்தப் பேய்த் தொடரை நீங்களும் போர்வைக்குள்ளிருந்து பார்த்திருப்பீர்கள். பாழடைந்த ஜமீன் வீடு, பூட்டிய மாடி அறை, உள்ளே யாரோ நடக்கும் சத்தம். கடைசிப் பகுதியன்று, அந்தப் பூட்டில் சாவி நுழைகிற நேரத்தில் ஆம்பூர் முழுக்கக் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் என் சிடி கடைக்கு வந்த எல்லோரும், உள்ளே யார் இருந்தது என்றே கேட்டார்கள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்த பஷீர் பாய் சொன்னார்: "உள்ள இருக்கறதுக்கு நம்ம பாக்கறது இஷ்டமில்ல போல, தோஸ்த்."

மெர்சியின் அம்மா

தொடரின் கடைசி வருஷம் சிடியாக வந்ததும், முதலில் கேட்டு வந்தவர் மாதனூர் ஸ்டெல்லா அம்மா. அவர் மகள் மெர்சி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள். வேலை விட்டதும் கம்பெனி நீலக் கோட்டோடேயே என் கடைக்கு வந்து பழைய பகுதிகளைத் தேடுவாள். கடைசி வருஷம் ஆரம்பிக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். படுக்கையில்கூட, முடிவு என்ன என்று பார்க்கணும் என்றாளாம்.

செட்டை வாங்கிப் போன மறுநாள் காலை நான் கடை திறக்கும்போது ஸ்டெல்லா அம்மா வாசலில் நின்றார். அழுத முகமாக இல்லை. கடைசி டிஸ்க்கை மட்டும் நீட்டினார். "இதுல எங்க மெர்சி நிக்கிறா தம்பி. நீ ஒருவாட்டி பாத்து சொல்லு."

பின்வரிசை

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எங்கே பார்த்தாலும் அந்த முகம்தான் என்று நினைத்துக்கொண்டே போட்டேன். பஷீர் பாயும் வந்து நின்றார். கடைசிக் காட்சியில் அந்த வீட்டை இழுத்துப் பூட்டுகிறார்கள், ஊரே கூடிப் பார்க்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. எல்லோருக்கும் அந்தக்கால உடுப்பு.

பின்வரிசையில் ஒருத்தி மட்டும் நீலக் கோட்டு.

மற்றவர்கள் வீட்டைப் பார்க்க, அவள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள். காலர் நுனியைக் கடித்தபடி நின்றாள். என் கடை அலமாரி முன்னாலும் அப்படித்தான் நிற்பாள். ஸ்டெல்லா அம்மா திரையைத் தொட்டுக்கொண்டிருந்தார். பஷீர் பாய் தணிந்த குரலில் சொன்னார்: "ஆஃப் பண்ணு. நம்மளயே பாத்துக்கினு இருக்குது."

இன்னொரு செட்

அந்த டிஸ்க்கை ஸ்டெல்லா அம்மா தன்னோடேயே எடுத்துப்போய்விட்டார். வேலூரிலிருந்து அதே தொடர் இன்னொரு செட் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதே காட்சி, அதே கூட்டம். அவள் நின்ற இடத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்குமளவு இடைவெளி.

ஸ்டெல்லா அம்மாவிடம் மறைக்க மனசு வரவில்லை, மாதனூருக்குப் போய்ச் சொன்னேன். அவர் தன்னிடமிருந்த டிஸ்க்கைப் போட்டுக் காட்டினார். இப்போது அதிலும் அவள் இல்லை. உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் டிவியை அணைத்துவிட்டு, எனக்குக் காபி போட எழுந்தார். "முடிவு தெரிஞ்சிக்கத்தான் வந்தா தம்பி. பாத்துட்டா, போய்ட்டா."

ஆக, கடைசிப் பகுதியைத் தவறவிட்டவர்கள் யாரும் கவலைப்பட வேண்டாம், எப்படியும் ஒருநாள் பார்த்துவிடலாம் போலிருக்கிறது.